பட்டத்தில் 53 சதவீதம்: எம்பிஏவுக்கு எந்த வழியில் போவது?

சித்தப்பா மகள் போன மாதம் பி.காம். முடித்தாள். மொத்தத்தில் 53 சதவீதம். இரண்டாம் ஆண்டில் சித்திக்கு அறுவை சிகிச்சை நடந்தது. சமையல், மாடு, ஆஸ்பத்திரி எல்லாம் இவள் தலையில் விழுந்த அந்த செமஸ்டரில் இரண்டு பேப்பர் அரியர். அடுத்த முறையே எழுதி எடுத்துவிட்டாள். ஆனால் சதவீதம் இறங்கினது இறங்கினதுதான்.

ரிசல்ட் வந்த மூன்றாவது நாள் பெங்களூருவிலிருந்து ஓர் ஏஜெண்ட் போன் செய்திருக்கிறார். மார்க் பிரச்சினையே இல்லை, எந்தப் பரீட்சையும் எழுத வேண்டாம், எம்பிஏ சீட் தயாராக இருக்கிறது, இரண்டு வருடத்துக்கு 8 லட்சம், இந்த வாரம் 50,000 கட்டினால் இடம் உறுதி என்று பேச்சு. சித்தப்பாவுக்குப் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தக்காளிக் காடும் நான்கு கறவை மாடும்தான் சொத்து. அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "நிலத்த வெச்சாவது கட்டிடலாமாப்பா? புள்ளைக்கு ஒரு வருஷம் வீணாப் போயிடக் கூடாதில்ல?"

அவருக்கும் அவளுக்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதே மதிப்பெண்ணோடு இதே கேள்வியை வைத்திருக்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன. நானும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவன்தான். பி.எஸ்சி. இயற்பியலில் 52 சதவீதம், மூன்று அரியர். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, தமிழ்நாட்டு எம்பிஏ நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி எம்பிஏ சேர்ந்தேன். இப்போது கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணலில் நானும் உட்காருவது உண்டு.

முதலில் அவளிடம் சொன்னது இது. குறைந்த மதிப்பெண்ணை மூன்று இடத்தில் எடை போடுவார்கள். விண்ணப்பிக்கும்போது வாசலில் ஒரு தடவை: இத்தனை சதவீதம் இருந்தால்தான் உள்ளே. தேர்வு எழுதிய பிறகு, இண்டர்வியூவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் போடும்போது இரண்டாவது தடவை. படித்து முடிக்கும் நேரத்தில் கம்பெனிகள் கேம்பஸுக்கு வரும்போது மூன்றாவது தடவை. ஏஜெண்டுகள் முதல் எடையை மட்டும்தான் பேசுவார்கள். கோச்சிங் சென்டர்கள் இரண்டாவது வரைக்கும் சொல்வார்கள். மூன்றாவதைப் பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லை. நானாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எந்த வழி நல்லது என்று பார்க்கும்போது இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் சதவீதம் உண்மையில் எவ்வளவு?

இதைக் கேட்டால் பலருக்குச் சரியாகச் சொல்லத் தெரிவதில்லை. நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தமிழ் முதல் பகுதி, ஆங்கிலம் இரண்டாம் பகுதி, மேஜரும் அலைடும் மூன்றாம் பகுதி, அப்புறம் நான்கும் ஐந்தும் என்று மதிப்பெண் பிரிந்து கிடக்கும். மூன்றாம் பகுதியை மட்டும் கூட்டினால் ஒரு எண் வரும், எல்லாவற்றையும் கூட்டினால் வேறொரு எண் வரும். 49.6-க்கும் 50.3-க்கும் நடுவில் ஒருவருடைய வாழ்க்கையே மாறும் இடம் இது. ஐஐஎம் எனப்படும் மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகளில் சேர எழுதும் 'கேட்' தேர்வைப் பொறுத்தவரை, உங்கள் பல்கலைக்கழகம் எந்த முறையில் சதவீதம் கணக்கிடுகிறதோ அதுதான் செல்லும். சிஜிபிஏ மட்டும் இருந்தால் பல்கலைக்கழகம் சான்று தரும் மாற்று முறை. அப்படி ஒரு முறையே இல்லையென்றால், வாங்கிய சிஜிபிஏவை அதிகபட்ச சிஜிபிஏவால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். தோதான எண்ணை நாமாகப் போட்டுக்கொள்ள முடியாது. சேர்க்கையின்போது சான்றிதழைச் சரிபார்ப்பார்கள், தவறாக இருந்தால் கிடைத்த இடமும் போய்விடும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் ஊரில் உலாவுகிறது. "டிகிரில மார்க் கம்மின்னா எம்.காம். பண்ணி ஏத்திக்கலாம்" என்பது. தபால் வழியில் எம்.காம். படித்து 70 சதவீதம் வாங்கினாலும், வாசலில் கேட்பது இளநிலைப் பட்டத்தின் மதிப்பெண்ணைத்தான். பி.காம். 48 என்றால் அது 48தான். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. சிஏ, சிஎம்ஏ, சிஎஸ் மாதிரி தொழில்முறைப் படிப்பைத் தேவையான சதவீதத்தோடு முடித்தவர்களை 'கேட்' தேர்வு எழுத அனுமதிக்கிறார்கள். ஆனால் சிஎம்ஏ முடிப்பதற்கு ஆகும் உழைப்பைப் பார்த்தால், அதை முடித்தவருக்கு எம்பிஏ தேவைப்படாமலே போகலாம்.

பெங்களூரு ஏஜெண்ட் சீட்

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். பெங்களூருவில் நல்ல கல்லூரிகள் நிறைய உண்டு, அவற்றில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் படிப்பதும் உண்டு. என் கோபம் கல்லூரிகள் மேல் இல்லை, பரீட்சையே வேண்டாம் என்ற அந்தப் பேச்சின் மேல்தான். அங்கீகாரம் பெற்ற எம்பிஏவானாலும் அதைப் போன்ற பிஜிடிஎம் டிப்ளமோ ஆனாலும் கேட், எக்ஸ்ஏடி, சிமேட், மேட் என்று ஏதாவது ஒரு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்பதுதான் முறை. எதுவுமே வேண்டாம் என்று சொன்னால், அந்தப் படிப்புக்குத் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் கல்லூரிப் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்குவதும் லேசான காரியமில்லை. அதனால்தான் பேச்சு நிலத்துக்குப் போய் நிற்கிறது.

என்னோடு ஸ்டோர்ஸில் வேலை பார்த்த நண்பன் ஒருவன் இந்த மாதிரி ஒரு சீட்டுக்கு 3 லட்சம் கொடுத்தான். பாதிப் பணத்துக்கு ரசீது இல்லை. முதல் செமஸ்டர் முடிவதற்குள் புத்தகக் கட்டணம், தொழிற்சாலைப் பயணம், மடிக்கணினி என்று இன்னும் ஒரு லட்சம் போனது. படிப்பை முடித்தான். கேம்பஸுக்கு வந்த கம்பெனிகளில் பாதி, பத்தாவது முதல் பட்டம் வரை எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்டன. மிச்சப் பாதி கொடுத்த சம்பளம், அவன் ஓசூரில் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த சம்பளம்தான். முதல் எடையைப் பணம் கொடுத்துத் தாண்டலாம். மூன்றாவதை அப்படித் தாண்ட முடியவில்லை.

டான்செட்

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் கை காட்டுவது இதைத்தான். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வு. பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும். 100 கேள்வி, இரண்டு மணி நேரம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் குறையும். ஒரு வணிகச் சூழலைக் கொடுத்து அலசச் சொல்வது, வாசித்துப் புரிந்துகொள்வது, கணக்கு, தரவு போதுமா போதாதா என்று பார்ப்பது, ஆங்கிலப் பயன்பாடு என்று கேள்விகள் வரும். சேலத்தில் மையம் உண்டு, காலையில் பஸ் ஏறினால் போதும்.

இதன் பெரிய நன்மை எடையில் இருக்கிறது. வாசலில் 50 சதவீதம் கேட்கிறார்கள். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. அதைத் தாண்டிவிட்டால் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் தரவரிசை டான்செட் மதிப்பெண்ணை வைத்துத்தான். 53 வாங்கியவளும் 83 வாங்கியவனும் டான்செட்டில் ஒரே மதிப்பெண் எடுத்தால், பட்ட மதிப்பெண்ணுக்காக இவளுக்குத் தனியாக ஒரு கழித்தல் இல்லை. இரண்டாவது எடை கிட்டத்தட்ட இல்லாத வழி இது. அதோடு மாநிலத்தின் 69 சதவீத இட ஒதுக்கீடு முழுசாகப் பொருந்தும். மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20 சதவீதம், பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள் ஒதுக்கீடு சேர்த்து 18, பழங்குடியினருக்கு 1. நம் இரண்டு மாவட்டத்திலும் இந்தக் கணக்குக்குள் வராத குடும்பங்கள் குறைவு.

கவுன்சலிங்கில் எடுக்கும் இடத்துக்குக் கட்டணமும் தாங்கக்கூடியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள், கோவையிலும் மதுரையிலும் பெயர் வாங்கிய கல்லூரிகள் எல்லாம் இந்தத் தரவரிசைக்குள் வருகின்றன. ஆனால் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டான்செட் எழுதினால் எங்கேயாவது ஓர் இடம் நிச்சயம் கிடைக்கும்; எம்பிஏ இடங்கள் அவ்வளவு இருக்கின்றன. கேள்வி, எந்த இடம் என்பதுதான். முதல் இருபது முப்பது கல்லூரிகளுக்குள் வராவிட்டால், வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கிறதே என்று சேர்ந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. அப்படிச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து வந்தவர்களை நேர்காணலில் பார்த்திருக்கிறேன். பாடம் தெரிகிறது, ஆனால் ஒரு சரக்கு லாரி கேட்டுக்குள் வந்தால் என்னென்ன காகிதம் பார்க்க வேண்டும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது பட்டதாரிப் பயிற்சியாளர் வேலைதான்.

இவளுடைய சிக்கல் என்னவென்றால், இந்த வருட டான்செட் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. கடைசி செமஸ்டரில் இருக்கும்போதே எழுதலாம் என்று கல்லூரியில் யாரும் சொல்லவில்லையாம். மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி வாக்கில் அறிவிப்பு வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிடுங்கள்.

'கேட்'

நவம்பர் கடைசி ஞாயிறு நடப்பது வழக்கம். விண்ணப்பம் ஆகஸ்டில் திறக்கும். ஆங்கிலம், தரவும் தர்க்கமும், கணக்கு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஐஐஎம்களுக்கு இதுதான் வாசல், வேறு நூற்றுக்கணக்கான கல்லூரிகளும் இதன் மதிப்பெண்ணை ஏற்கின்றன.

வாசல் விதியில் நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. 'கேட்' எழுத 50 சதவீதம் வேண்டும். 45 என்ற சலுகை பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்தான். ஓபிசி என்றாலும் 50தான். டான்செட்டில் 46 சதவீதத்தோடு விண்ணப்பித்த எம்பிசி மாணவர் அதே நினைப்பில் இங்கேயும் பணம் கட்டிவிடக் கூடாது. ஆனால் 50-ஐத் தாண்டிய எம்பிசி, பிசி மாணவர்களுக்கு, அவர்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருந்தால், ஐஐஎம்களில் 27 சதவீத ஓபிசி ஒதுக்கீடு உண்டு. அதற்கு நம் தாலுகா அலுவலகத்தில் எப்போதும் வாங்கும் சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசு வடிவத்தில், வளமான பிரிவைச் சேராதவர் என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அந்த நிதியாண்டுக்கு உரியதாகவும் இருக்க வேண்டும். செப்டம்பரில் ஓடாமல் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது எடை இங்கே கனமானது. அகமதாபாத், பெங்களூரு மாதிரி பழைய ஐஐஎம்கள் பத்து, பன்னிரண்டு, பட்டம் எல்லா மதிப்பெண்ணையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுகின்றன. 53 வைத்திருப்பவர் 'கேட்' தேர்வில் எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் அந்தக் கணக்கில் பின்னால் நிற்பார். பாலக்கோட்டிலிருந்து ரயிலில் போய்த் தொடும் தூரத்தில் இருக்கும் பெங்களூரு ஐஐஎம் நமக்கு எட்டாமல் போவது இந்த இடத்தில்தான். சென்னை ஐஐடியின் மேலாண்மைத் துறையும் திருச்சி என்ஐடியின் மேலாண்மைத் துறையும் வாசலிலேயே 60 சதவீதம் கேட்கின்றன, பட்டியல் இனத்தவருக்குக் கொஞ்சம் தளர்த்தி. இந்த இரண்டுக்கும் இவள் விண்ணப்பிக்கவே முடியாது. இதைச் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் பூட்டிய கதவை முன்கூட்டியே காட்டிவிடுவதுதான் அவளுக்கு நான் செய்யும் மரியாதை.

2011-இல் தொடங்கிய திருச்சி ஐஐஎம்மும் அதற்குப் பின் வந்த புதிய ஐஐஎம்களும் கொஞ்சம் நெகிழ்வானவை. அவற்றில் பல ஒரே பொது நேர்காணல் முறையில் சேர்ந்து ஆள் எடுக்கின்றன. ஓபிசி ஒதுக்கீட்டோடு, நல்ல 'கேட்' மதிப்பெண்ணும் ஒன்றிரண்டு வருட வேலை அனுபவமும் இருந்தால் அங்கே நம்பிக்கை வைக்கலாம். கட்டணம் 20 லட்சத்தை ஒட்டி வரும், ஆனால் கடன் கிடைக்கும். 2024 நவம்பரில் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிட்ட தரமான கல்வி நிறுவனங்களில் சேருபவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. சித்தப்பாவின் நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டுவதையும், நிலத்தைத் தொடாமல் வங்கிக் கடனில் ஓர் ஐஐஎம்மில் படிப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எக்ஸ்ஏடி

நம் பக்கம் இந்தத் தேர்வின் பெயரே பலருக்குத் தெரியாது. ஜாம்ஷெட்பூரில் 1949-இல் ஏசு சபையினர் தொடங்கிய எக்ஸ்எல்ஆர்ஐ என்ற மேலாண்மைக் கல்லூரிக்காக நடக்கும் தேர்வு. ஜனவரி முதல் ஞாயிறு நடப்பது வழக்கம். இதன் சிறப்பு என்னவென்றால், எக்ஸ்எல்ஆர்ஐ குறைந்தபட்ச சதவீதம் என்று ஒன்றை வாசலில் வைப்பதில்லை. மூன்று வருடப் பட்டம் இருந்தால் போதும். 47 சதவீதம் வாங்கிய பிள்ளைக்கு நாட்டின் முன்னணிக் கல்லூரி ஒன்றின் கதவு சட்டப்படி திறந்திருக்கிறது என்றால் அது இங்கேதான்.

கதவு திறந்திருக்கிறது என்பதால் உள்ளே போவது எளிது என்று அர்த்தமில்லை. தேர்வு கடினமானது. அதிலும் முடிவெடுக்கும் திறன் என்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில், ஒரு கடையில், ஒரு குடும்பத்தில் வரும் சிக்கலைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும். இதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர்களைவிட, நாலு பேரோடு வேலை பார்த்தவர்கள் நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்எல்ஆர்ஐ கிடைக்காவிட்டாலும் இந்த மதிப்பெண்ணை வேறு பல கல்லூரிகள் ஏற்கின்றன, சென்னை லயோலா வளாகத்தில் இருக்கும் லிபா என்ற மேலாண்மைக் கல்லூரி உட்பட. அந்தக் கல்லூரிகளின் வாசல் விதிகளைத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொலைநிலை எம்பிஏ, வெளிநாட்டு எம்பிஏ

இக்னோ என்ற மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்பிஏவுக்கு இப்போது நுழைவுத் தேர்வு இல்லை. பொதுப் பிரிவுக்கு 50, ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 45 சதவீதம் கேட்கிறார்கள். முழுப் படிப்புக்கும் சேர்த்து ஆகும் செலவு, ஏஜெண்ட் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் வரும். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, பட்டம் செல்லுமா என்ற பயம் வேண்டாம். ஆனால் கேம்பஸ் கிடையாது, கூடப் படிக்கும் கூட்டம் கிடையாது. ஓசூரில் ஏற்கெனவே ஏழெட்டு வருடம் வேலையில் இருந்து, பதவி உயர்வுக்கு எம்பிஏ என்ற ஒரு வரி குறைகிறவருக்கு இது மிகச் சரியான வழி. எங்கள் கம்பெனியில் ஷிப்ட் பொறுப்பாளர் ஒருவர் இப்படித்தான் முடித்தார். 21 வயதில், முதல் வேலைக்காக இதை எடுப்பது சரியாக வராது.

வெளிநாடு பற்றி அவள் கேட்கவில்லை, ஆனால் படிப்பவர்களில் கிரானைட், மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். அமெரிக்க பிசினஸ் பள்ளிகள் பல, இவ்வளவு மதிப்பெண் கட்டாயம் என்று எழுதி வைப்பதில்லை. ஜிமேட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண், வேலையில் என்ன செய்தீர்கள் என்பது, கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மதிப்பெண் ஏன் குறைந்தது என்று விளக்க விருப்பக் கட்டுரை ஒன்றுக்கும் இடம் தருவார்கள். அங்கே சாக்கு சொல்லாமல் நடந்ததை நாலு வரியில் சொல்லி, அதற்குப் பிறகு கணக்கியலிலோ புள்ளியியலிலோ ஒரு படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்ததைக் காட்டினால் எடுபடும். உள்நாட்டிலேயே ஐதராபாத்தின் ஐஎஸ்பி என்ற பிசினஸ் பள்ளி இதே போக்கில் பார்க்கிறது. ஜிமேட் அல்லது ஜிஆர்இ, இரண்டு வருட முழுநேர அனுபவம் வேண்டும். கட்டணம் 35 லட்சத்துக்கு மேல் போகும்.

முதலில் வேலை

இது எம்பிஏ வழியா என்று சித்தப்பா கேட்டார். என்னைக் கேட்டால் குறைந்த மதிப்பெண்காரர்களுக்கு எம்பிஏவின் முதல் செமஸ்டரே இதுதான்.

காரணம் மூன்றாவது எடை. பட்டம் முடித்த கையோடு எம்பிஏ சேர்ந்தவருடைய பயோடேட்டாவில் பார்ப்பதற்கு மதிப்பெண்ணைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. 53 என்ற எண் நடுவில் நின்றுகொண்டிருக்கும். இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தவருடைய தாளில் அந்த எண் கீழே இறங்கிவிடும். நான் நேர்காணலில் உட்காரும்போது, "மாதம் எத்தனை சப்ளையர் பில் பார்த்தீர்கள், இருப்பில் எவ்வளவு வித்தியாசம் வந்தது, அதை எப்படிக் குறைத்தீர்கள்" என்றுதான் கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்லும் ஆளிடம் பட்டத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்க எனக்குத் தோன்றுவதே இல்லை. எனக்கும் அப்படித்தான் நடந்தது. என் எம்பிஏ கேம்பஸில் முதல் இரண்டு கம்பெனிகள் 60 சதவீத விதியால் என்னை உள்ளேயே விடவில்லை. மூன்றாவது கம்பெனிக்காரர் நான்கு வருட ஸ்டோர்ஸ் அனுபவத்தைப் பார்த்துவிட்டு, விதியை அவரே தளர்த்திக் கூப்பிட்டார்.

இந்த விஷயத்தில் நம் மாவட்டக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, நாம் அதை வசதியாக நினைப்பதில்லை. ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன், அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சிறு உதிரிபாகத் தொழிற்சாலைகள். கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா. கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள். பி.காம். படித்த பெண்ணுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் ஆடிட்டர் அலுவலகம், தொழிற்சாலைக் கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ் எல்லாம் ஒன்றரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் 15,000 பக்கம்தான் இருக்கும். ஆனால் எந்தப் பிரிவில் சேருகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். வெறும் டேட்டா என்ட்ரியில் மூன்று வருடம் உட்கார்ந்தால், அனுபவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் சேராது. பில், இருப்பு, சப்ளையர், வாடிக்கையாளர் என்று முடிவெடுக்கும் ஆட்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்க்க வேண்டும்.

இந்த வழியில் பின்னால் திறக்கும் இன்னொரு கதவும் உண்டு. பெங்களூரு ஐஐஎம் வேலையில் இருப்பவர்களுக்காக வாரக் கடைசியில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. நான்கு வருட அனுபவம் கேட்பார்கள். ஓசூரிலிருந்து வேலையை விடாமல் போய்வரலாம். புதிதாகப் பட்டம் முடித்தவருக்குப் பட்ட மதிப்பெண்ணைச் சொல்லித் தள்ளிவைக்கும் அதே வளாகம், ஐந்தாறு வருடம் கழித்து வேலையில் செய்ததைக் கேட்டு ஆள் எடுக்கிறது.

இதில் ஆபத்தும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. சம்பளம் வர ஆரம்பித்தால் படிப்பு தள்ளிப் போகும். என்னோடு சேர்ந்த ஐந்து பேரில் எம்பிஏ வரை வந்தது நான் ஒருவன்தான். பெண் பிள்ளைக்கு இன்னொரு நெருக்கடியும் வரும். வேலைக்குப் போகிறாள் என்றதும் கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும். சித்தப்பாவிடம் இதை நேராகவே கேட்டேன். "மூணு வருஷம் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க சித்தப்பா." சித்திதான் முதலில் தலையாட்டினாள்.

கடைசியில் முடிவானது

ஏஜெண்டுக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. கிருஷ்ணகிரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அடுத்த வாரம் சேருகிறாள். நவம்பரில் 'கேட்' எழுதுவாள், பழகிப் பார்ப்பதற்காகத்தான். ஜனவரியில் எக்ஸ்ஏடி. மார்ச்சில் டான்செட், அதற்குத்தான் முழு உழைப்பும். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: பத்தாம் வகுப்புக் கணக்கு, சதவீதம், விகிதம், ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பு. தினம் இரண்டு மணி நேரம். அடுத்த வருடம் டான்செட்டில் நல்ல கல்லூரி வந்தால் சேருவாள். வராவிட்டால் வேலையிலேயே இருந்து இரண்டாம் முறை எழுதுவாள், சுமாரான இடத்தில் போய் உட்கார மாட்டாள். இதை ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை, அவளே எழுதினாள்.

அவளுடைய தோழி ஒருத்தியும் அன்றைக்கு வந்திருந்தாள். எம்பிசி பிரிவு, 47 சதவீதம். அவளுக்கு 'கேட்' இல்லை. டான்செட்டும் எக்ஸ்ஏடியும் இருக்கின்றன, இப்போதைக்கு வேலையும் இருக்கிறது. ஆனால் அவள் சொன்ன 47 மூன்றாம் பகுதிக்கு மட்டுமா, மொத்தத்துக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.